அத்தை முகத்தைச் சுற்றிப் பதினாறு சைப்ரஸ்

"நான் இன்னும் சாகலடி! என் முகத்தச் சுத்தி எதுக்குக் கல்லறத் தோட்டத்த நட்டு வச்சிருக்க?"

என் மாமியார் இதான் கேட்டாங்க. அப்படியே சொல்றேன், ஒரு எழுத்து நான் சேக்கல. அன்னையர் தினத்தன்னிக்கு, என் நாத்தனா ஓதெத் முன்னாடி, ஓதெத்தோட புருஷன் முன்னாடி. அந்த மனுஷன் வாயில வச்ச பேரீச்சம்பழ பிஸ்கட்ட மெல்லவும் இல்ல, முழுங்கவும் இல்ல, அப்படியே கன்னத்துல ஒதுக்கிட்டு என்னயே பாக்குறான்... உள்ள வா கண்ணு, ஏன் வாசல்லயே நிக்கிற? காப்பிக் கப்பு கொண்டாந்தியா? அடேயப்பா, வீட்ல இருந்த எல்லாத்தயும் கொண்டாந்துட்டியே! நல்லாயிரு. அந்த மேசையில வை. இப்பவே எங்க ஓடற? உக்காரு. மூணாவது மாடிக்குக் குடிவந்து எவ்வளவு நாளாச்சு, எங்க வீட்டுக் காப்பி ஒரு வாய் குடிச்சிருப்பியா நீ? இந்தா, ஒரு துணி புடி. நான் கழுவறேன், நீ தொட. பேசிக்கிட்டே முடிச்சிடலாம்.

சாயங்காலம் என் மக மைஸைப் பொண்ணு கேட்டு வராங்க, தெரியும்ல? பீர்ஸேத் ஊர்க் குடும்பம். பையன் பல் டாக்டர். பெரியவங்களா ஒரு பட்டாளம், முன்னாடி பாதிரியாரு. வந்து உக்காருவாங்க, கப்ப வாங்குவாங்க, ஒரு மடக்கு கூடக் குடிக்காம மேசையில வச்சிடுவாங்க. "கேட்டு வந்தது கிடைக்கட்டும், அப்புறம் குடிக்கிறோம்"பாங்க. உங்க நாப்ளூஸ்லயும் இதே கூத்துதானே? பொண்ணு வீட்டு ஆளு "காப்பியக் குடிங்க"ன்னு சொல்லணும். சொன்னாத்தான் கல்யாணம். எங்க வீட்ல அத யாரு சொல்லணும்? என் வீட்டுக்காரர் பிஷாரா. அவரு எப்ப சொல்வாரு? அவங்க அம்மா தலைய ஆட்டினா. அவங்க அம்மா எங்க? அதோ, அந்தக் கதவுக்குப் பின்னாடி.

காலையில சாத்தினது. தாழ்ப்பா மட்டும் இல்ல, நாற்காலிய இழுத்து முட்டும் குடுத்திருக்காங்க, சத்தம் கேட்டுச்சு. தண்ணிச் சொம்பத் தூக்கறதுக்கு "கை நடுங்குதடி"ன்னு என்னயக் கூப்பிடற உடம்பு அது. நாற்காலி இழுக்க மட்டும் எங்கேர்ந்தோ தெம்பு வந்துடுது.

சிரிக்காத. மெதுவா பேசணும்னு நினைக்காத, நல்லாக் கேக்கட்டும்! நான் வாயத் திறந்தா உள்ள ரேடியோ சத்தம் ஏறும். பாரு... பாரு... ஏத்தியாச்சா? இப்ப மொத்த ராமல்லாவுக்கும் வானிலை தெரிஞ்சுடும்.

அவங்க மகன் எங்கேன்னு நீ கேக்கல, இருந்தாலும் சொல்றேன். சலூனுக்குப் போயிருக்காரு. "உங்க அம்மாவ வெளிய வரச் சொல்லுங்க"ன்னு சொன்ன நிமிஷம் அவருக்கு முடி வெட்டற ஞாபகம் வந்துடுச்சு. தலையில மொத்தமே ஒரு கைப்பிடி. அத வெட்ட மத்தியானம் வரைக்கும் ஆகுதாம். ஆம்பளங்க சண்டைய எப்படித் தீக்கறாங்க தெரியுமா? செருப்ப மாட்டிக்கிட்டு.

நான் அப்படி என்ன பண்ணிட்டேன்? கொலையா பண்ணினேன்? ஒரு போட்டோ. அந்தப் போட்டோவச் சுத்தி நாலு பக்கமும் கிராஸ் தையல். வெள்ளக் கட்டத்துணி, செவப்பு நூலு. நடுவுல துணிய ஜன்னல் மாதிரி வெட்டி, ஓரத்த மடிச்சு, அட்டையில இழுத்துக் கட்டி, அந்த ஜன்னல்ல அவங்க முகம். மேல கண்ணாடி, வெளிய வாதுமை மரச் சட்டம். நீ கத்திரி எடுத்து வெட்டிப் பாரு, அந்த நடு ஜன்னல வெட்டறப்ப என் உசுரு என்கிட்ட இல்ல. ஒரு இழை தப்பினா மொத்தத் தையலும் அவுந்து வந்துடும். இருமலும் வரக்கூடாது தும்மலும் வரக்கூடாது. வெட்டினேனே!

அதுவும் யாரு தைச்சா? நான்! பெத்லகேம்காரி! எங்க ஊர்ல பெருக்கல் குறி போட்டுப் போட்டுத் தைக்கறத ஒரு தையலுன்னே சொல்ல மாட்டோம், குடியானவத் தையலும்போம். எங்களுது தங்கக் கயிறு. துணி மேல அத வளைச்சு வளைச்சுப் படுக்கப் போட்டு, பட்டு நூலால இறுக்கிக் கட்டுவோம். ராணிக்குப் போடலாம். இவங்க என்னடான்னா, "உங்க ஊரு வேலை நகைக் கடை, எங்க ஊரு வேலை எழுத்து"ன்னு, நான் கல்யாணமாகி வந்த முதல் வாரத்துல, விருந்தாளிங்க முன்னாடி. ராமல்லாப் பொம்பளைங்க ஊசிய புடிச்சா ஆண்டவரே பக்கத்துல உக்காந்து கட்டம் எண்ணித் தர்ற மாதிரி ஒரு நினைப்பு. சரி, அந்த வாய அடைக்கறேன்னு, அவங்க பாணியிலயே, அவங்க செவப்புலயே, அவங்க மரத்தயே போட்டேன்.

அந்த மரம்தான் சைப்ரஸ். ஒரு பக்கத்துக்கு நாலு, மொத்தம் பதினாறு. நெட்டையா, கூம்பு மாதிரி, வரிசையா. "கல்லறத் தோட்டத்து மரம்"ங்கறாங்க! ஏன், அவங்க கல்யாண உடுப்புல இல்லயா? இடுப்புலேந்து பாதம் வரைக்கும் சைப்ரஸ் காடு! அந்தக் காட்டப் போட்டுக்கிட்டு பலிபீடத்துல நின்னப்ப யாரும் செத்துடலயே? மாமனாரு கூட அதுக்கப்புறம் அம்பது வருஷம் தாக்குப் புடிச்சாரு, பாவம். "உடுப்புல இருந்தா மரம், முகத்தச் சுத்தி இருந்தா கல்லற"ங்கறாங்க. இதுக்கு என்ன பதில் சொல்லுவ?

கப்பு ஓரத்துல ஈரம் இருக்கு பாரு. நல்லாத் தொட. பீர்ஸேத்துக்காரங்க கப்பத் தூக்கி வெளிச்சத்துல பாப்பாங்க.

அடுத்த புகாரு, வருஷம். நான் படிச்சது கன்னியாஸ்திரீங்க பள்ளிக்கூடம். சிஸ்டர் மதில்டா பிரம்ப வச்சுக்கிட்டே தையல் சொல்லிக் குடுத்தவங்க. அவங்க சட்டம்: நடுவுலேந்து தொடங்கு. முடிச்சு போடறது பாவம். மேல் இழை எல்லாம் ஒரே பக்கம் சாயணும். முடிச்சதும் மூலையில வருஷத்தப் போடு, வருஷம் இல்லாத வேலை ஞானஸ்நானம் வாங்காத பிள்ள மாதிரி. நானும் கீழ வலது மூலையில அத்தை பொறந்த வருஷத்தப் போட்டேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு. அடையாள அட்டையில இருக்கறதுதான்!

அவங்க ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கறது நாப்பத்திரெண்டு. எனக்கு எப்படித் தெரியும்? தெரியும்தான். சரி, தெரியும். அதுக்காக நூல வச்சுப் பொய் சொல்ல முடியுமா? கோயில்ல பக்கத்துல உக்கார்ற கத்ரீனா கிழவி வந்து, கண்ணாடிய மூக்கு நுனிக்கு இறக்கி, வாய்க்குள்ள கூட்டிக் கழிச்சு, "அடி நிஜ்மே, நீ எனக்கு அக்காவா?"ன்னு கேட்டுட்டா. அன்னிக்கு ராத்திரி அத்தை சாப்பிடல. மறுநா காலையில ரெண்டு பங்கா சாப்பிட்டாங்க, அது வேற விஷயம்.

ஆனாலும் படம் செவுத்துல ஏறிடுச்சு, கண்ணு. திட்டிக்கிட்டேதான், ஆனா ஏறிடுச்சு. ஓதெத் இல்லாதப்ப நான் சமையக்கட்டுலேந்து எட்டிப் பாத்திருக்கேன், அத்தை அதுக்கு முன்னாடி நின்னு தலைமுடிய ஒதுக்கிக்குவாங்க. கண்ணாடி பாக்கற மாதிரி. நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சா "தூசி"ம்பாங்க.

இன்னிக்குக் காலையில வினை வந்துச்சு. விருந்தாளி வராங்களேன்னு செவுத்துப் படமெல்லாம் இறக்கித் தொடச்சேன். இவங்க நாற்காலியில உக்காந்து கூஸாக் காயக் குடைஞ்சுக்கிட்டிருந்தாங்க, உள்ள அரிசி கறி அடைக்கறதுக்கு. "அதக் குடு, அதயாவது நான் தொடைக்கறேன்"னாங்க. உதவி பண்றாங்களேன்னு நானும் குடுத்தேன், மடச்சி. மடியில வச்சுக்கிட்டு ரொம்ப நேரமா பாத்தாங்க. விரலால தடவினாங்க. அப்புறம், நீ நம்ப மாட்ட, காய் குடையற கம்பியாலயே சட்டத்துப் பின்பக்க ஆணிய ஒவ்வொண்ணா நெம்பி எடுத்துட்டாங்க! அட்டையக் கழட்டி, துணியத் திருப்பி, பின்பக்கத்த ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சாங்க.

இந்த ஊரு வியாதி அது. முன்பக்கத்த யாரும் பாக்க மாட்டாங்க. புது மருமக ஒரு தலையணை உறை தைச்சுக் கொண்டாந்தா, "அழகு"ன்னு சொல்லிக்கிட்டே கை தன்னால திருப்பும். பின்பக்கம் முன்பக்கம் மாதிரியே இருந்தா நல்ல குடும்பம். நூலு தொங்கினா, முடிச்சு தெரிஞ்சா, "பெத்தவ சரியில்ல." உங்க நாப்ளூஸ்ல நிம்மதி. ஊசிய எடுக்க மாட்டீங்க, இனிப்புத் தட்டத்தான் எடுப்பீங்க. தட்டத் திருப்பி யாரு பாப்பா?

பாத்தாங்க.  துணியயும் போட்டோவயும் எடுத்துக்கிட்டு உள்ள போனாங்க. சாத்திட்டாங்க. அவ்வளவுதான்.

என்ன பாத்தாங்கன்னா கேக்கற? என்னத்தப் பாத்தாங்களோ! நூலு ஓடியிருக்கும், எங்கயாவது ரெண்டு இழை... இரு, போன்ல காட்டறேன், செவுத்துல மாட்டினன்னிக்கு எடுத்தது. கை ஈரம், நீயே தள்ளு. ஆங், இதான். பாத்தியா, மரம் எப்படி நிக்குது சிப்பாய் மாதிரி? இது வருஷம். இந்தப் பக்கம் பறவை.

என்ன?

ஆமா, ஒரு பறவைதான். ஏன், ஒண்ணு இருந்தா என்ன?

தெரியும்டியம்மா, பறவை எப்பவும் ஜோடியாத்தான் வரும், மூஞ்சியோட மூஞ்சி பாத்துக்கிட்டு. தெரியும். ஊசியே எடுக்காத ஊரு, கண்ணு மட்டும் நல்லா இருக்கு உனக்கு! வலது மூலையில எண்ணு இருக்குல்ல, இடது மூலை காலியா இருந்துச்சு, ஒரு பக்கம் கனமா ஒரு பக்கம் லேசா இருக்கக் கூடாதேன்னு ஒரு பறவைய உக்கார வச்சேன். எடத்துக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் குண்டாப் போட்டேன். குண்டுப் பறவை. சரிதானே?

காலியா ஏன் விட்டேனா... 

நீ கப்பத் தொட.

இங்க பாரு, போன குளிர்காலத்துல நீ இங்க இல்ல. உனக்குத் தெரியாது. அத்தைக்கு நெஞ்சுல சளி கட்டி, டாக்டரு வந்து தலைய ஆட்டிட்டுப் போயிட்டாரு. பாதிரியாரு கடைசி எண்ணெயும் பூசிட்டாரு. ஓதெத் மொத நாளே கருப்பு உடுப்ப இஸ்திரி போட்டுட்டா, அவள யாரும் கேக்கல! என் வீட்டுக்காரர் படியில உக்காந்து அழறாரு. யாராவது ஒருத்தர் நிதானமா யோசிக்கணுமா வேணாமா? மாமனாரு போனப்ப என்னாச்சு தெரியுமா? துக்கத்துக்கு வந்த கூட்டத்துக்கு முன்னாடி வைக்க ஒரு படம் இல்ல. அடையாள அட்டைப் படத்தப் பெருசு பண்ணினோம். மீசை மட்டும்தான் தெரிஞ்சுது. மூணு நாளும் ஊரே அந்த மீசைக்கு ஆறுதல் சொல்லிட்டுப் போச்சு. அப்ப இதே அத்தை, எல்லாரும் கேக்க, "பெத்லகேம்லேந்து மருமக எடுத்தேன், பிணத்துக்கு ஒரு படம் வைக்கத் தெரியல"ன்னாங்க. சொன்னாங்களா இல்லயா? அத்தை! சொன்னீங்களா இல்லயா?

ரேடியோ நின்னுடுச்சு பாரு. காது குடுக்கறாங்க. நல்லது, கேக்கட்டும்.

அதனால இந்தத் தடவ முன்கூட்டியே ஏற்பாடு பண்ணினேன். தப்பா? கல்யாணத்துக்கு முன்னாடி அழைப்பிதழ் அடிக்கறதில்லயா? நல்ல போட்டோவா தேடி எடுத்தேன், ஓதெத் கல்யாணத்துல சிரிச்சுக்கிட்டு நிக்கறது. தைக்க ஆரம்பிச்சேன். வலது மூலையில பொறந்த வருஷம். நம்ம அரபி எழுத்து வலதுலேந்துதானே தொடங்கும்? அப்ப இடது மூலையில என்ன வரணும்? நீ படிச்ச பொண்ணுதானே, சொல்லு.

வீட்டுல துக்கக் கூட்டம் நிரம்பினப்புறம் அழுதுக்கிட்டே கட்டம் எண்ண முடியுமா? கசப்புக் காப்பி போட்டுத் தரவே கை பத்தாது. அதனால ரெண்டு, சைபர், ரெண்டு, அது வரைக்கும் தைச்சு வச்சேன். கடைசி எண்ணுக்கு மட்டும் கட்டம் விட்டேன். மத்த மூணும் எப்படியும் மாறாதுன்னு நினைச்சேன்... வாயப் பொத்திக்கிட்டு ஏன் பாக்கற? ரெண்டாயிரத்து இருவத்தொம்பது வரைக்கும் அவங்களுக்கு எடம் விட்டிருந்தேன்! டாக்டரு விடியற வரைக்கும்தான் விட்டாரு. நானா அவரா, யாரு தாராளம்?

அப்புறம் என்னாச்சு? ஒரு நா காலையில எழுந்து உக்காந்து, "வீட்ல குழம்பு வாசனையே இல்லயே, எல்லாரும் செத்துட்டீங்களா?"ன்னு கேக்கறாங்க. எண்ணெய் பூசின நெத்தி இன்னும் பளபளங்குது! சந்தோஷம். சந்தோஷம்தான், யாரு இல்லன்னா? ஆனா நாலு பக்கமும் முடிஞ்ச தையல என்ன பண்ண? குப்பையில போடவா? பிரெஞ்சு நூலு அது. அன்னையர் தினம் வந்துச்சு. அந்த மூணு எண்ணயும் பிரிச்சு எடுத்தேன், மேல பறவையப் போட்டேன், பட்டு ரிப்பன் கட்டிக் குடுத்தேன். அதுதான் நான் பண்ணின குத்தம்.

பிரிச்சது சரியா பிரியல. செவப்பு நூலு வெள்ளத் துணியில ரோஸ் கறை விடும், முன்பக்கம் பறவை மூடிடுச்சு. பின்பக்கம்... சட்டம் போட்டு ஆணி அடிச்சப்புறம் பின்பக்கத்த எவ பாப்பான்னு ரெண்டு நூலு வாலை அப்படியே விட்டுட்டேன். இந்த ஊர்ல, இந்த மாமியார வச்சுக்கிட்டு, "பின்பக்கத்த எவ பாப்பா"ன்னு நினைச்சேன் பாரு. அந்த புத்திக்கு என்னய அடிக்கணும். சிஸ்டர் மதில்டா இருந்திருந்தா அடிச்சிருப்பாங்க.

இப்ப என்ன, மத்தியானம் தாண்டிடுச்சு. கூஸாக் காயி பாதி குடைஞ்சபடி கிடக்கு, குடையற கம்பிய அவங்க கையோட உள்ள எடுத்துட்டுப் போயிட்டாங்க. மைஸ் குளியலறையில அழுதுக்கிட்டிருக்கா. அவளுக்கு இந்தப் பல் டாக்டர்னா உசுரு. கூட்டம் வந்து கப்பக் கீழ வைக்கும். என் வீட்டுக்காரர் அம்மா நாற்காலியப் பாப்பாரு. அது காலி. தொண்டையக் கனைப்பாரு. "காப்பியக் குடிங்க"ன்னு அந்த வாயிலேந்து வராது, எனக்குத் தெரியும், முப்பது வருஷமாத் தெரியும். காப்பி ஆறிடும். பீர்ஸேத்துக்காரங்க எழுந்து போயிடுவாங்க. "பாட்டிக்கு இஷ்டமில்லயாம்"னு அவங்க ஊருக்குப் போற வழியெல்லாம் பரவும். எம் பொண்ணுக்கு அப்புறம் யாரு வருவா?

நீ ஒண்ணு செய்யேன். கதவுகிட்ட போயி, "பாட்டி, அது தப்பா தைச்ச எண்ணு, எங்க வீட்டு வாசல் நம்பரு"ன்னு... சரி, அது வேணாம். "மருமக அழறாங்க"ன்னு சொல்லு. புது ஆளு சொன்னா நம்புவாங்க. நான் அழலதான். வெங்காயத்த நறுக்கிட்டு வந்து நிக்கறேன், நீ சொல்லு. ம்? எங்க எழுந்திருக்கற? அடுப்புல என்ன வச்சுட்டு வந்த? பால் பொங்குமா? மூணாவது மாடி வரைக்கும் பொங்கற பால நான் பாத்ததே இல்ல! இரு, ஒரு நிமிஷம்... கண்ணு... கதவச் சாத்திட்டுப் போ!

போயிட்டா. கப்பு தொடச்ச துணியயும் கையோட எடுத்துக்கிட்டு. இனி மூணு மாடிக்கும் தெரிஞ்சுடும்.

அத்தை.

அவ போயிட்டா. நான் மட்டும்தான். கேக்குதா? கேக்குதுன்னு தெரியும்.

காப்பி போடட்டா? ஏலக்கா தூக்கலா, நீங்க குடிக்கிற மாதிரி.

சரி, வேணாம்.

அத்தை, அந்தத் தையல... இங்க பாருங்க, ஒரு விஷயம் சொல்றேன், ஓதெத்கிட்ட சொல்லக் கூடாது. நான் அத மேசையில உக்காந்து தைக்கல. உங்க கட்டில் ஓரத்துல உக்காந்துதான் தைச்சேன். எல்லாரும் தூங்கப் போயிடுவாங்க, நீங்க மூச்சு விடறீங்களா இல்லயான்னு நான்தான் பாத்துக்கிட்டிருப்பேன். சும்மா பாத்துக்கிட்டே இருக்க முடியல. கைக்கு ஒரு வேலை வேணும். ஒரு மூச்சுக்கு ஒரு குறின்னு போட்டேன். அதான் மேல் வரிசை மரமெல்லாம் ஒரே சீரா இல்ல. உங்க மூச்சு சீரா இல்ல, நான் என்ன பண்ண? நீங்க பின்பக்கம் பாத்தீங்களே, அது தெரியலயா? எழுத்து எழுத்துன்னு பெருமை பேசுவீங்களே, அது மட்டும் படிக்க வரலயா?

எண்ணு போட்டது போட்டதுதான். போடலங்கல.

அத்தை, பொண்ணு அழுதுக்கிட்டிருக்கா. நீங்க என்கிட்ட பேச வேணாம். அவங்க வந்ததும் வெளிய வந்து, உங்க நாற்காலியில உக்காந்து, பிஷாரா பக்கம் ஒரு தடவ தலைய ஆட்டுங்க. அப்புறம் திரும்பவும் உள்ள போயிச் சாத்திக்குங்க, நானே நாற்காலிய முட்டுக் குடுத்து வைக்கறேன்.

அத்தை?

இவ்வளவு நேரம் ஒரு திட்டுக்கூட இல்ல. உடம்புக்கு ஒண்ணும் இல்லயே? கதவத் திறக்கல்லாம் வேணாம். உள்ள இருந்தபடியே... ஒரு வார்த்த திட்டுங்களேன், அத்தை.